கண்ணில் மூன்றில் ஒரு பங்கு: இமைமுடி ஏன் அளவோடு நிற்கிறது?

தலைமுடியை வெட்டாமல் விட்டால் இடுப்புவரை இறங்கும். தாடியை விட்டால் மார்பைத் தொடும். இமைமுடியை எவரும் கத்தரிப்பதில்லை. ஆனாலும் மேல் இமையில் 8 முதல் 12 மில்லிமீட்டர், கீழ் இமையில் 6 முதல் 8 மில்லிமீட்டர் என்ற அளவில் அது தானாக நின்றுவிடுகிறது. மூன்றும் ஒரே தலையில் முளைப்பவை, கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. எங்கே நிற்க வேண்டும் என்பது இமைமுடிக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அங்கே நிற்பதால் கண்ணுக்கு என்ன நன்மை? இமைமுடி என்றதும் அதன் நீளத்தையும் அடர்த்தியையும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உரிய இடத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதே அதன் தலையாய திறமை என்பது என் எண்ணம்.

அது எதற்கு இருக்கிறது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பதில் ஒன்று தயாராக இருக்கும்: தூசி விழாமல் தடுக்க. இந்தப் பதில் தவறில்லை, ஆனால் தடுக்கும் விதத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. மேல் இமையில் ஏறத்தாழ 90 முதல் 160 முடிகளும் கீழ் இமையில் 75 முதல் 80 முடிகளும் இருக்கின்றன. கண்ணின் திறப்பு ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் அகலம். கணக்குப் போட்டால் முடிக்கும் முடிக்கும் இடையே 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. பல தாவரங்களின் மகரந்தத் துகள் 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியில் பத்துத் துகள்கள் பக்கம் பக்கமாக நுழைந்து போகலாம். பூச்சியையும் பெரிய மணல் துகளையும் இமைமுடி மறிக்கும். நுண்தூசியைச் சலித்து நிறுத்துவது அதனால் ஆகாது. அப்படியிருந்தும் இமைமுடி இருக்கும் கண்ணில் தூசி குறைவாகவே படிகிறது. விடை காற்றில் இருக்கிறது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூ என்ற பேராசிரியர் விலங்குகளின் உடல் இயக்கத்தை இயற்பியல் கண்ணோடு ஆராய்பவர். அவருடைய ஆய்வகத்தில் கியர்மோ அமடோர் முதன்மை ஆய்வாளராக இருந்து செய்த ஆய்வு 2015ஆம் ஆண்டு வெளியானது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்ட உடல்களிலிருந்து அவர்கள் இமைமுடிகளை அளந்தார்கள். மொத்தம் 22 பாலூட்டி இனங்கள். சிறிய முள்ளெலி முதல் ஒட்டகச்சிவிங்கி வரை. உடல் எடையில் இவற்றுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வாழும் நிலமும் உண்ணும் உணவும் வேறு வேறு. ஆனால் இமைமுடியின் நீளத்தைக் கண்ணின் அகலத்தால் வகுத்துப் பார்த்தபோது விடை ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது: கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இத்தனை இனங்களில் ஒரே விகிதம் திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயலாக இருக்க முடியாது. அந்த நீளத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க அவர்கள் செயற்கைக் கண் ஒன்றைச் செய்தார்கள். நீர் நிரப்பிய சிறு கிண்ணம் விழியாக நின்றது. அதைச் சுற்றி முதலில் வலைத்துணியும், பிறகு உண்மையான முடியும் இமைமுடிக்குப் பதிலாக வைக்கப்பட்டன. இந்தக் கண்ணை, சீரான காற்றோட்டத்தைச் செலுத்திச் சோதிக்க உதவும் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, கிண்ணத்தின் எடை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று தராசில் பார்த்தார்கள். எடை குறைந்தால் நீர் ஆவியாகிறது என்று பொருள். முடியின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனபோது ஆவியாதல் முதலில் குறைந்தது, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டது, பிறகு மறுபடியும் ஏறத் தொடங்கியது. அந்த அடிமட்டம் அமைந்த இடம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணில் துகள் படிவதும் அதே நீளத்தில்தான் மிகக் குறைவாக இருந்தது. இமைமுடி இல்லாத கண்ணோடு ஒப்பிட்டால் இரண்டிலும் ஏறத்தாழ 50 விழுக்காடு வரை குறைவு.

காரணம் இதுதான். அடர்ந்து வளர்ந்த பயிருக்கு மேலே காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் பயிரின் அடியில், மண்ணை ஒட்டி, காற்று அசையாமல் கிடக்கும். இமைமுடியும் விழியின் முன்னால் அப்படி ஓர் அமைதியான காற்றடுக்கை உண்டாக்குகிறது. வேகமான காற்று அந்த அடுக்குக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போகிறது. அதோடு வரும் தூசியும் கண்ணைத் தொடாமல் கடந்துவிடுகிறது. நீளம் கூடக் கூட இந்த அடுக்கு தடிக்கிறது. ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் முடியின் நுனி வெளியே ஓடும் வேகக் காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து காற்றைப் பிடித்து விழியை நோக்கித் திருப்பிவிடும். தடுக்க வேண்டியது அழைத்து வரத் தொடங்குகிறது. நீளம் பாதுகாப்பாக இருப்பது ஓர் அளவு வரை மட்டுமே. அதற்கு மேல் அதே நீளம் தொல்லை.

ஆவியாதலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? விழியின் மேல் இருக்கும் கண்ணீர்ப் படலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமன்தான். கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைபடும். ஆகவே தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர்ப் படலத்தின் வழியாக வெளிக்காற்றிலிருந்தே அது பெறுகிறது. படலம் காய்ந்தால் எரிச்சல், மங்கல், தொற்று என்று தொல்லைகள் வரிசையாக வரும். அதனால்தான் நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைத்து அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் இமைக்கும் நொடியில் பார்வை இல்லை. ஓடும் மானுக்கும் அதைத் துரத்தும் சிறுத்தைக்கும் அந்தச் சிறு இருள்கூட இழப்புதான். கண்ணைத் திறந்தபடியே ஈரத்தைக் காக்க வழி வேண்டும். இமைமுடி அந்த வேலையை எந்தச் செலவும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

இமை ஓரத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நுட்பம் இன்னும் புரியும். முடிவரிசைக்குப் பின்னால், விழியை ஒட்டி, மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாகத் திறக்கின்றன. அவை தரும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய போர்வையாகப் பரவி நீர் ஆவியாகாமல் காக்கிறது. முன்னால் முடி காற்றை அடக்குகிறது, பின்னால் எண்ணெய் நீரை மூடுகிறது. முடியின் வேரடியிலும் சைஸ் சுரப்பி, மோல் சுரப்பி என்று இரு வகைச் சுரப்பிகள் உண்டு. சைஸ் சுரப்பியில் பாக்டீரியா புகுந்து சீழ் கட்டினால் அதைத்தான் நாம் கண்கட்டி என்கிறோம்.

இமைமுடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் வேரைச் சுற்றி நரம்பு நுனிகள் பின்னிக் கிடக்கின்றன. ஏதாவது ஒன்று நுனியைத் தொட்டாலே போதும். ஐந்தாம் மூளை நரம்பு செய்தியைக் கொண்டுபோகிறது, ஏழாம் நரம்பு இமையை மூடச் சொல்கிறது. யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளாத அனிச்சைச் செயல் இது. விழிக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாலேயே ஆபத்தை உணரும் எல்லைக்காவல் என்று சொல்லலாம். உடம்பின் மற்ற முடிகளைக் குளிரிலும் அச்சத்திலும் சிலிர்த்து நிற்க வைக்கும் நுண்தசை இமைமுடியின் வேரில் கிடையாது. அதன் சாய்வு மாறாமல் இருக்க வேண்டும் என்பதோடு இது நன்றாகவே பொருந்துகிறது. மேல் இமையில் முடி மேல்நோக்கி வளைகிறது, கீழ் இமையில் கீழ்நோக்கி. எதிரெதிராக வளைந்தால் இமை மூடும் ஒவ்வொரு முறையும் இரண்டும் பின்னிக்கொள்ளும்.

விலங்குகளிடம் வந்தால் படம் விரிகிறது. ஒட்டகத்தின் இமைமுடி நீண்டு அடர்ந்திருப்பது பலருக்கும் தெரிந்ததே. பாலைவனத்துக்காகவே செய்தது போன்ற அந்த முடி தனியாக வேலை செய்யவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து விழியைத் துடைக்கும் மூன்றாம் இமையும் ஒட்டகத்துக்கு உண்டு. முடியைத் தாண்டி உள்ளே வந்த மணலை அது தள்ளிவிடும். பெரிய விலங்கின் கண்ணில் நீண்ட முடியைப் பார்க்கும்போது கண்ணின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கியின் முடி நமக்கு நீளமாகத் தெரிகிறது. ஆனால் அதன் கண்ணும் பெரிது. விகிதம் அதே மூன்றில் ஒரு பங்கின் பக்கத்தில்தான் நிற்கிறது. கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விலங்குக்கு அடர்த்தியைக் கூட்டிக்கொள்ளும் வழி திறந்திருக்கிறது, நீளத்தைக் கூட்டும் வழி மூடியிருக்கிறது. இயற்பியல் போட்ட வேலி இது.

யானையின் இமைமுடியும் நீளமானது. அதன் கண்ணில் நமக்கு இருப்பது போன்ற கண்ணீர்ச் சுரப்பி இல்லை. கண்ணீரை மூக்குக்குள் வடிக்கும் குழாயும் இல்லை. மூன்றாம் இமையை ஒட்டிய ஹார்டீரியன் சுரப்பி போன்றவற்றின் சுரப்பே விழியை ஈரமாக வைக்கிறது. தூசியை வாரி முதுகில் இறைத்துக்கொள்ளும் இந்த விலங்குக்கு இமைமுடி வெறும் அழகாக இருக்க வழியே இல்லை என்று நினைக்கிறேன்.

வீட்டு விலங்குகளிடம் முறை சற்று மாறும். நாய்க்கு மேல் இமையில் மட்டுமே இமைமுடி. கீழ் இமை ஓரம் வெறுமையாக இருக்கும். பூனைக்கு நமக்கு உள்ளதுபோல் தனித்த இமைமுடி வரிசை கிடையாது. மேல் இமையை ஒட்டிய உடல்முடியின் முதல் வரிசையே அந்த இடத்தை நிரப்புகிறது. குதிரைக்கு மேல் இமையில் நல்ல அடர்த்தி உண்டு. கண்ணைச் சுற்றி ஆங்காங்கே தனியாக நீட்டி நிற்கும் தடித்த முடிகளை இமைமுடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை மீசைமுடி வகை. அவற்றின் வேரைச் சுற்றி இரத்தம் நிறைந்த பை இருக்கும். தொட்டறிவதே அவற்றின் முழுநேர வேலை. இரவில் நடமாடும் விலங்குக்கு அவை பெருந்துணை.

மறுபக்கத்தில், திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் இமைமுடி இல்லை. நீருக்குள் வாழும் கண் காய்ந்துபோகாது. காற்றும் அங்கே இல்லை. தடித்த, வழவழப்பான சுரப்பு ஒன்று அவற்றின் விழியை உப்புநீரிலிருந்து காக்கிறது. நிலத்திலிருந்து கடலுக்குப் போன பாலூட்டிகளின் வழிவந்தவை இவை. தேவை போனதும் முடியும் போய்விட்டது.

பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு இமைமுடி இல்லை. ஆனால் இருவாச்சி, நெருப்புக்கோழி, செக்ரட்டரி பறவை, தரையில் ஓடும் சில குயிலினங்கள் ஆகியவற்றின் கண்களைப் பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். கறுத்து வளைந்து நீண்ட அழகான இமைமுடிகள். உண்மையில் அவை முடியே அல்ல. தண்டின் இருபுறமும் கிளைக்கும் இழைகளை இழந்து வெறும் குச்சியாகிவிட்ட இறகுகள் அவை. பறவையின் உடலில் முடி முளைக்காது. கையில் இருந்த பொருளை வைத்தே அதே வடிவத்தைச் செய்துகொண்டன. நெருப்புக்கோழியின் விழி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விட்டம் உடையது, நிலவாழ் விலங்குகளிலேயே மிகப் பெரியது. திறந்தவெளியில் புழுதி கிளப்பி ஓடும் பறவைக்கு அவ்வளவு பெரிய கண் இருந்தால் அதன் முன்னால் ஏதாவது ஒரு தடுப்பு வேண்டும்தான். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பொது மூதாதை இருந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு வழிகளில் தனித்தனியாக நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பரிணாமத்தைப் பற்றி யாராவது கேட்டால் டால்பினுக்கும் சுறாவுக்கும் உள்ள உருவ ஒற்றுமையோடு இந்த இறகு இமைமுடியையும் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இமைமுடி இருப்பதுபோல் தோற்றம் மட்டும் தரும் உயிரினங்களும் உண்டு. மத்திய அமெரிக்கக் காடுகளில் வாழும் ஒரு குழிவிரியன் பாம்புக்குக் கண்ணுக்கு மேல் செதில்கள் இமைமுடி போலத் துருத்தி நிற்கும். நியூ கலிடோனியாத் தீவில் வாழும் கொண்டைப் பல்லிக்கும் கண்ணுக்கு மேல் முள்போன்ற வரிசை உண்டு. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994இல் மறுபடியும் கண்டெடுக்கப்பட்ட பல்லி அது. இந்த இரண்டுக்கும் மூடித் திறக்கும் இமையே கிடையாது. விழியின் மேல் கண்ணாடி போன்ற செதில் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. ஈரத்தைக் காக்க வேண்டிய கட்டாயம் இல்லாத கண்ணில் இருக்கும் அந்தத் துருத்தலுக்குக் காற்றோடு தொடர்பிருக்க முடியாது. பாம்பின் செதில்கள் இலைகளுக்கிடையில் தலையின் விளிம்பைக் கலைத்துக் காட்டி அதை மறைக்க உதவுகின்றன என்பதே பொதுவான விளக்கம்.

தேனீயின் கூட்டுக்கண்ணிலோ ஒவ்வொரு சிறு கண்ணாடிக்கும் இடையில் நுண்மயிர்கள் முளைத்திருக்கின்றன. இமைக்கவே முடியாத கண் அது. மகரந்தத்தில் புரண்டு எழும் தேனீ, படிந்த துகள்களை முன்னங்காலால் வாரித் தள்ளுகிறது. துகள் கண்பரப்பில் அப்பிவிடாமல் மயிர் நுனியில் தங்குவதால்தான் அப்படி வார முடிகிறது.

சரி, மனிதனுக்குத் திரும்புவோம். முடி அளவோடு நிற்பது எப்படி? ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, சுருக்கம், ஓய்வு என்று மூன்று கட்டங்களில் சுழல்கிறது. தலைமுடியின் வளர்ச்சிக் கட்டம் 2 முதல் 7 ஆண்டுகள் வரை நீடிக்கும். இமைமுடியின் வளர்ச்சிக் கட்டம் 4 முதல் 10 வாரங்கள் மட்டுமே. வளரும் வேகமும் குறைவு; நாளொன்றுக்கு 0.12 முதல் 0.14 மில்லிமீட்டர். 70 நாளை 0.14ஆல் பெருக்கினால் 9.8 மில்லிமீட்டர் வருகிறது. இவ்வளவுதான் ரகசியம். நீளத்தை அளந்து பார்க்கும் கருவி எதுவும் மயிர்க்காலில் இல்லை. காலத்தை அளக்கிறது, நேரம் முடிந்ததும் வேலையை நிறுத்துகிறது. பிறகு பல மாதங்கள் ஓய்வு, அதன் பின் உதிர்வு. ஒரு முழுச் சுற்றுக்கு 5 முதல் 11 மாதங்கள் ஆகும். பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. அதனால்தான் தினம் ஒன்றிரண்டு உதிர்ந்தாலும் இமை ஒருநாளும் வெறுமையாவதில்லை.

நேரம் முடிந்தது என்று சொல்லும் குரல்களில் ஒன்று எஃப்ஜிஎஃப்5 என்ற புரதம். அதை உருவாக்கும் மரபணு பழுதான எலிகளுக்கு முடி நீண்டு வளர்வது 1990களில் தெரியவந்தது. சில நாயினங்களிலும் பூனையினங்களிலும் காணும் நீள்முடிக்கும் அதே மரபணுவில் நேர்ந்த மாற்றமே காரணம் என்று பிறகு தெரிந்தது. மனிதரில் என்ன நடக்கும் என்பதை 2014இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பரம்பரையாக இமைமுடி மிகுதியாக நீளும் குடும்பங்களில் இந்த மரபணுவே பழுதாகியிருந்தது. நாயின் பட்டுப்போன்ற முதுகுமுடியையும் மனிதனின் இமைமுடியையும் ஒரே புரதம் நிறுத்தி வைக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி. புற்றுநோய்க்குத் தரப்படும் செடுக்சிமாப், எர்லோடினிப் போன்ற மருந்துகளும் சிலருக்கு இமைமுடியை அளவுமீறி நீளவும் சுருளவும் வைக்கும். அப்போது நீளம் கண்ணுக்குத் துணையாக இருப்பதில்லை. திரும்பி வளைந்த நுனி விழியில் உரசி, கத்தரித்துவிட வேண்டி வரும்.

கடிகாரத்தை வெளியிலிருந்து தள்ளிவைக்கவும் முடியும் என்பது எதிர்பாராமல் தெரியவந்தது. கண் அழுத்த நோய்க்கு லட்டானோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்து 1996இல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. மறு ஆண்டே மருத்துவர் முர்ரே ஜான்ஸ்டன் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். ஒரு கண்ணில் மட்டும் மருந்து போட்டுக்கொண்ட நோயாளிகளுக்கு அந்தப் பக்க இமைமுடி மட்டும் நீண்டு, தடித்து, கறுத்திருந்தது. மறு கண்ணே ஒப்பீட்டுக்குச் சான்றாக நின்றதால் ஐயத்துக்கு இடமில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பைமட்டோபிராஸ்ட், இமைமுடி போதாதவர்களுக்கான மருந்தாகவே 2008 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. வளர்ச்சிக் கட்டத்தை நீட்டுவதே இதன் வேலை. மருந்தை நிறுத்தினால் சில வாரங்கள், மாதங்களில் முடி பழைய அளவுக்கே திரும்பிவிடும். இமைத்தோல் கறுக்கலாம், கண் சிவக்கலாம், கண்ணைச் சுற்றிய கொழுப்பு கரைந்து கண் குழி விழலாம். கண்மணியைச் சுற்றிய வளையத்தின் நிறமும் மாறலாம். அப்படி மாறிய நிறம் திரும்புவதில்லை. முடி உதிர்ந்துபோனவருக்கு இது பயன்படும் மருந்துதான். நன்றாக இருக்கும் இமைமுடியை இன்னும் நீட்டுவதற்காக இதை வாங்கிப் போட்டுக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

செயற்கை இமைமுடியிலும் இதே சிக்கல்தான். ஒட்டிக்கொள்ளும் முடி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கண்ணுக்கு அதிகக் காற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது காற்றுச் சுரங்கம் காட்டிய கணக்கு. கண் உலர்வால் ஏற்கெனவே அவதிப்படுபவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒட்டுவதற்கான பசை பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகை. அதிலிருந்து வெளிப்படும் ஆவியால் கண் எரிச்சலும் ஒவ்வாமையும் வருவதுண்டு. கூடுதல் எடையைத் தாங்கித் தாங்கி இயற்கை முடி வேரோடு கழன்றுவிடுவதும் உண்டு. கண்ணருகே பூசும் பொருளில் அலட்சியம் காட்டினால் எதுவரை போகும் என்பதற்கு 1930களில் அமெரிக்காவில் விற்ற லாஷ் லூர் என்ற இமைச்சாயம் சாட்சி. அதில் கலந்திருந்த நிலக்கரித்தார் வழிச் சாயம் பல பெண்களின் கண்ணைப் புண்ணாக்கியது, பார்வையையும் பறித்தது. அழகுப் பொருள்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அன்று அரசிடம் இல்லை. 1938இல் உணவு, மருந்து, அழகுப் பொருள்களுக்கான சட்டம் வந்ததும் அதன்கீழ் முதலில் பறிமுதலான பொருள் அதுவே.

இமைமுடி தானாக உதிர்ந்து போவதும் உண்டு. தைராய்டு குறைபாடு, புழுவெட்டு, தொழுநோய், புற்றுநோய்க்கான வேதி சிகிச்சை என்று காரணங்கள் பல. வேதி சிகிச்சையில் போன முடி பெரும்பாலும் மறுபடி முளைத்துவிடும். புருவமும் இமைமுடியும் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே போனால் அதைத் தோற்றப் பிரச்சினையாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. உடலுக்குள் நடப்பதை இமை சில வேளைகளில் முன்கூட்டியே சொல்லும். வேரடியில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள இது வயது ஏற ஏற பெரும்பாலானவர்களின் மயிர்க்காலில் குடியேறிவிடுகிறது. அளவோடு இருந்தால் தொல்லை இல்லை. பெருகிவிட்டால் இமை ஓரம் சிவந்து அரிக்கும், முடியின் அடியில் மெழுகு போன்ற வளையம் கட்டும். 2023இல் இதற்கென்றே லோட்டிலேனர் என்ற சொட்டு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் இமைமுடியால் வரும் பெருந்துன்பம் திசை மாறுவதில் இருக்கிறது. வெளியே வளைய வேண்டிய முடி உள்ளே திரும்பினால் ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைக் கீறும். நிமிடத்துக்குப் பதினைந்து முறை என்றால் விழித்திருக்கும் ஒரு நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கீறல்கள். நாய்களில் சில இனங்களுக்கு இமை உட்பக்கம் மடிந்தோ, எண்ணெய்ச் சுரப்பியின் வாயிலிருந்து கூடுதல் வரிசை முடி முளைத்தோ இந்த வேதனை பிறவியிலேயே வருகிறது. மனிதரில் அந்தக் கூடுதல் வரிசை அரிதாகவே வரும். பரம்பரையாக வரும்போது ஃபாக்ஸ்சி2 என்ற மரபணுவின் பழுதும் கால்வீக்கமும் அதோடு சேர்ந்திருப்பதுண்டு.

மனிதரைப் பெருந்திரளாகப் பாதிப்பது டிரக்கோமா. கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியா சிறு வயதில் மேல் இமையின் உட்புறத்தைத் தாக்குகிறது. கையும் துணியும் ஈயும் அதைக் கண்ணுக்குக் கண் கொண்டுபோகின்றன. ஒருமுறை வந்து போனால் பெரிய கேடில்லை. திரும்பத் திரும்ப வந்தால் உட்புறம் தழும்பேறுகிறது. தழும்பு சுருங்கச் சுருங்க இமையின் விளிம்பு உள்நோக்கி இழுபடுகிறது. பல ஆண்டுகள் கழித்து முடிகள் கருவிழியில் உரசத் தொடங்குகின்றன. அந்தக் கீறல்கள் புண்ணாகி, வெண்தழும்பாகி, பார்வையை மூடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறத்தாழ 19 லட்சம் பேரின் பார்வையிழப்புக்கோ பார்வைக் குறைவுக்கோ இந்த நோய் காரணம். ஆண்களைவிடப் பெண்கள் நான்கு மடங்கு வரை அதிகமாக இதனால் பார்வை இழக்கிறார்கள். தொற்று குழந்தைகளிடம் இருக்கிறது. குழந்தைகளைத் தூக்கி வளர்ப்பவர்கள் பெண்கள். வறுமையும் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்த இடத்தில்தான் இது வேரூன்றுகிறது என்பதை மறக்கக் கூடாது. முகம் கழுவ நீர் கிடைக்காத வீட்டில் மருந்து மட்டும் என்ன செய்யும்? அறுவை சிகிச்சை, அசித்ரோமைசின் மருந்து, முகத் தூய்மை, சுற்றுப்புற மேம்பாடு ஆகிய நான்கையும் சேர்த்துச் செய்ததால்தான் நாடுகள் ஒவ்வொன்றாக இதிலிருந்து விடுபட்டு வருகின்றன. 2024இல் இந்தியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

திரும்பிய முடி மனிதருக்குப் புதிய துன்பமும் அல்ல. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்திய ஏபர்ஸ் பாப்பிரஸ் ஏட்டில், கண்ணுக்குள் வளரும் முடியைப் பிடுங்கியபின் அது மறுபடி முளைக்காமல் இருக்க வௌவால் இரத்தம் பூசச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. சுசுருத சம்ஹிதை இன்னும் தெளிவாகப் போகிறது. இமைத்தோலில் வாற்கோதுமை வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டுத் தைக்கச் சொல்கிறது. தோல் குறுகும்போது முடிவரிசை வெளிப்பக்கம் இழுபடும். இன்றைய அறுவை சிகிச்சை இமையை வேறு இடத்தில் வெட்டி விளிம்பையே திருப்பி வைக்கிறது. ஆனால் முடியை அழிப்பதைவிட அதன் திசையை மீட்பதே சிகிச்சை என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது.

பிடுங்குவது ஏன் போதாது என்பதற்கு விடை முன்னே பார்த்த சுற்றிலேயே இருக்கிறது. முடி போனாலும் மயிர்க்கால் இருக்கிறது; 6 முதல் 8 வாரங்களில் அது இன்னொரு முடியை அதே தவறான திசையில் அனுப்பிவிடும். பாதியில் அறுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். முழு முடியின் நுனி மெலிந்து நெகிழக்கூடியது. அறுந்த அடிக்கட்டை விறைத்துக் கூராக நிற்கும், கருவிழியை ஆழமாகக் கீறும். ஒன்றிரண்டு முடிகள் மட்டும் என்றால் மின்னோட்டத்தாலோ உறைகுளிராலோ வேரை அழிக்கலாம். இமை விளிம்பே திரும்பியிருந்தால் அறுவை சிகிச்சைதான் வழி. கண்ணில் எப்போதும் மணல் விழுந்ததுபோல் உறுத்தலும் நீர்வடிதலும் இருப்பவர்கள் கண்ணாடி முன் நின்று தாங்களே பிடுங்கிக்கொண்டு நாளைத் தள்ளக் கூடாது. விளக்கோடு கூடிய நுண்ணோக்கியின் கீழ் இமை ஓரத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் எந்த முடி, எத்தனை, எந்தப் பக்கம் என்று கண் மருத்துவர் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.